ஒளிக்கு முன் ஒலி: கணக்கு அலுவலகத்து சி. வி. ராமன்



நம் குடியிருப்பில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். வங்கி, கருவூலம், ஏ.ஜி. ஆபீஸ், எல்.ஐ.சி. என்று ஆளுக்கு ஓர் இடம். இந்தக் காலாண்டு இதழில் நான் எழுதப்போவது நம் வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி. பத்து வருடம் அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்தவர். டிரான்ஸ்பர் வந்தால் பெட்டி கட்டிக்கொண்டு போனவர். பெயர் சந்திரசேகர வெங்கட ராமன்.

சர் சி. வி. ராமன் என்றால் நோபல் பரிசு, ராமன் விளைவு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் என்று உங்கள் பேரக்குழந்தைகளே ஒப்பித்துவிடுவார்கள். அதையே நானும் சொன்னால் இந்த இரண்டு பக்கம் வீண். ஒளியில் பெயர் வாங்குவதற்கு முன் அவர் ஏறக்குறைய பதினைந்து வருடம் ஒலியோடு குடித்தனம் நடத்தினார். வயலின், தம்புரா, வீணை, மிருதங்கம், கோபுரக் கூடங்களில் ஓடும் கிசுகிசுப்பு எல்லாம் அதில் அடக்கம். அந்த ராமனைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். நம் கீழ்த்தளக் கூடத்தில் சனிக்கிழமைப் படத்தின் வசனம் ஓரத்து நாற்காலிகளுக்குக் கேட்கவில்லை என்ற புகாருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதற்கு நடுவில் வருகிறேன்.

1888 நவம்பர் 7ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் இவர் இரண்டாவது. தந்தை ஆசிரியர். 1892இல் விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்து, கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கக் குடும்பத்தோடு அங்கே போனார். அவர் வயலினும் வாசிப்பார். வீட்டில் ஒரு பக்கம் இயற்பியல் புத்தகம், இன்னொரு பக்கம் வயலின். பையன் இரண்டையும் பார்த்தே வளர்ந்தான் என்றால் பின்னால் நடந்தது அவ்வளவு ஆச்சரியமில்லை.

படிப்பில் அவர் போன வேகம் நமக்கு மூச்சு வாங்க வைக்கும். பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன். பதினாறு வயதில், 1904இல், சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முதலிடம், தங்கப் பதக்கம். 1907இல் எம்.ஏ. இடைப்பட்ட காலத்தில் இரண்டு வெளிநாட்டுக்காரர்களின் எழுத்து அவர் மனதைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஸ்வரம் காதில் எப்படி இனிமையாகிறது என்று எழுதியவர். இன்னொருவர் இங்கிலாந்தின் ரேலி பிரபு. ஒலியைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதியவர். பிற்காலத்தில் தன்னை உருவாக்கிய புத்தகங்கள் எவை என்று ராமன் கணக்கெடுத்தபோது ஹெல்ம்ஹோல்ட்ஸின் புத்தகத்தை அதில் தவறாமல் சேர்த்தார்.

மாணவராக இருக்கும்போதே, பதினெட்டு வயதில், 1906 நவம்பரில், லண்டனின் ஃபிலாசஃபிகல் மேகஸின் என்ற இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. நீள்சதுரத் துவாரம் வழியாக ஒளி போகும்போது விழும் பட்டைகளைப் பற்றியது அது. இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஸ்பீக்கர் விவகாரத்தின் சாவி இங்கேதான் இருக்கிறது.

அலை எதுவானாலும் ஒரு குணம் உண்டு. அகலமான வாசல் வழியாகப் போனால் நேராகப் போகும். குறுகலான வாசல் வழியாகப் போனால் விசிறிபோல் விரியும். வாசல் அகலமா குறுகலா என்பது அலையின் நீளத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியது. நீள்சதுரத் துவாரம் என்றால் குறுகிய பக்கத்தின் திசையில் ஒளி அதிகம் விரியும், நீண்ட பக்கத்தின் திசையில் குறைவாக விரியும். இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக்காரர் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குக் காது நீளும் என்று தெரியும், அதனால்தான் சொன்னேன். அவர் தொழிலால் சாலை போடும் எஞ்சினியர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஒளியை ஆராய்ந்தவர். ராமனும் அதே வழிக்குத்தான் வரப்போகிறார்.

எம்.ஏ. முடித்தவருக்கு இந்தியாவில் ஆராய்ச்சி வேலை என்று ஒன்று அப்போது கிடையாது. இங்கிலாந்து போகலாம் என்றால் மருத்துவர் உடம்பைப் பார்த்துவிட்டு அந்தக் குளிர் தாங்காது என்று தடுத்துவிட்டார். அண்ணன் சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே கணக்குத் துறையில் இருந்தார். (அந்த அண்ணனின் மகன்தான் 1983இல் நோபல் பரிசு வாங்கிய விண்ணியல் அறிஞர் சந்திரசேகர்.) தம்பியும் நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடம் பெற்றார். அதே வருடம் லோகசுந்தரியை மணந்தார். அந்த அம்மையார் வீணை வாசிப்பவர். 1907 ஜூன் மாதம் இருவரும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். பத்தொன்பது வயது முடியாத பையன், பதவி உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல்.

நம்மில் யாராவது அந்த வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அடுத்த பதவி உயர்வு எப்போது என்று சீனியாரிட்டி பட்டியலைப் பார்த்திருப்போம். அவர் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்தார். இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம் என்று போட்டிருந்தது. 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், ஊரார் நன்கொடையில் கட்டிய இடம். பெரிய அரங்கம், கருவிகள் எல்லாம் இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. கதவைத் திறந்தவர் அங்கே உதவியாளராக இருந்த அசுதோஷ் டே. கல்லூரிப் படியேறாதவர். பிறகு பல வருடம் ராமனுக்கு வலது கையாக இருந்தார். பரிசோதனை முடிவுகளை வெளியிடும்போது ராமன் அவர் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்தார். அந்தக் காலத்து அலுவலக வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அதன் பிறகு பத்து வருடம் அவருடைய தினசரி அட்டவணை இப்படி: விடியற்காலை ஐந்தரைக்குக் கழகம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்கு ஓடிவந்து குளியல், அவசரமாக நாலு வாய் சோறு, வண்டி பிடித்து அலுவலகம். மாலை ஐந்துக்கு நேரே மறுபடி கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழகத்தில். லோகசுந்தரி அம்மையாரின் பொறுமையைப் பற்றி தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. 1911இல் கல்கத்தாவுக்கே திரும்பினார். அலுவலகத்திலும் அவர் மேல் குறை சொல்ல யாருமில்லை. பெரிய பதவிக்கு வரக்கூடியவர் என்றுதான் மேலதிகாரிகள் நினைத்தார்கள்.

காலையும் இரவும் அப்படி என்ன செய்தார்? பெரும்பாலும் தந்திகளை அதிர வைத்துப் பார்த்தார். தெருவில் பாடிப் போகிறவன் கையில் இருக்கும் ஒற்றைத் தந்தி ஏக்தாரா பற்றி 1909இல் ஒரு கட்டுரை. அடுத்து வயலின். வில்லால் இழுக்கும்போது தந்தி என்ன வடிவத்தில் அசைகிறது என்பதற்கு 1918இல் ஒரு முழுக் கோட்பாட்டையே எழுதி முடித்தார். கை இழுப்பு ஒரே மாதிரி இருக்காது என்று, தானே வாசிக்கும் ஓர் இயந்திர வயலினும் செய்தார். அதில் வில் நிலையாக இருக்கும், வயலின்தான் முன்னும் பின்னும் போகும்!

வயலின், செல்லோ வாசிக்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் வாத்தியம் ஓநாய்போல் உறுமும், ஸ்வரம் நிற்காது. 1916இல் ராமன் தந்தியின் அசைவையும் பெட்டியின் அசைவையும் ஒரே நேரத்தில் படமெடுத்து, காரணத்தைப் பிடித்தார். பெட்டிக்கே சொந்தமாக ஓர் அதிர்வு இருக்கிறது. தந்தி அதே ஸ்வரத்துக்கு வரும்போது தந்தியின் சக்தியைப் பெட்டி உறிஞ்சிக்கொண்டு திருப்பித் திருப்பிக் கொடுக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான், தலைகீழாக. வயலின் பெட்டி பாட வேண்டும், ஸ்பீக்கர் பெட்டி வாயே திறக்கக் கூடாது. அதனால்தான் நல்ல ஸ்பீக்கர் பெட்டி கனமாக இருக்கும், விரலால் தட்டினால் மொத்தையாகக் கேட்கும்.

1917இல் அவர் வாழ்க்கையின் பெரிய கணக்கு வந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி, பாலித் பேராசிரியர் பதவியை ஏற்கச் சொல்லி அழைத்திருந்தார். அரசாங்க வேலையை விட வேண்டும், சம்பளம் ஏறத்தாழ பாதியாகிவிடும். அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று வேறு ஒரு நிபந்தனை. சம்பளக் குறைவை ஒப்புக்கொண்டார், நிபந்தனையை ஒப்புக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகம்தான் இறங்கி வந்தது. பென்ஷன், கிராஜுவிட்டி என்று விரல் விட்டு எண்ணிப் பழகிய எனக்கு அவர் நோபல் வாங்கியதைவிட இந்தக் கையெழுத்துதான் பெரிய காரியமாகத் தெரிகிறது.

இனி மிருதங்கம். நம் குடியிருப்பில் இரண்டு வீட்டில் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள், அவர்கள் அவசியம் படிக்க வேண்டும். மேலைநாட்டு முரசில் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் வரும் துணை அதிர்வுகள் ஒன்றோடொன்று சேராது. அடிப்படை ஒன்று என்றால் அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65 என்று தாறுமாறாக வரும். அதனால்தான் அதில் ஸ்வரம் தெளிவாகக் கேட்காமல் சத்தம்தான் கேட்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கரணை இருக்கிறதே, அந்தக் கறுப்பு வட்டம், அது தோலின் எடையை நடுவில் கூட்டுகிறது. கூட்டினால் துணை அதிர்வுகள் 2, 3, 4, 5 என்று வரிசையில் வந்து நிற்கின்றன. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். 1934இல் ராமன் இன்னும் விரிவாக எழுதினார். தோல்மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டுவார். அசையாத இடங்களில் மணல் கோடாக ஒதுங்கும். அந்தக் கோலங்களை வைத்து, முதல் ஒன்பது வகை அதிர்வுகளும் ஐந்தே ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று காட்டினார். சோறும் கல்பொடியும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஒட்டிய நம் ஊர்க் கைவினைஞர் கணிதம் படித்தவர் இல்லை. ஆனால் கணக்கு தீர்ந்திருக்கிறது.

தம்புராவிலும் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் ஜீவாளி என்று ஒரு நூலைச் செருகுவார்கள் அல்லவா? வளைந்த குதிரையும் அந்த நூலும் சேர்ந்து, சாதாரணத் தந்தியில் வரக் கூடாத துணை ஸ்வரங்களையும் வரவழைக்கின்றன என்று 1921இல் எழுதினார்.

அதே 1921இல்தான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு. லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தின் கோபுரத்துக்குள் வட்டமாக ஒரு மாடம் இருக்கிறது. சுவரோடு முகம் வைத்துக் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கத்தில் சுவரோடு காது வைத்தவருக்குக் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து போகிறது என்று ரேலி ஏற்கெனவே விளக்கியிருந்தார். ராமன் சதர்லண்ட் என்பவரோடு சேர்ந்து அங்கேயே சோதனை செய்தார். ஒலி சீராகப் பரவவில்லை, சுவரிலிருந்து விலக விலகக் கூடியும் குறைந்தும் பட்டை பட்டையாக இருக்கிறது என்று கண்டார். ஓரிடத்தில் நன்றாகக் கேட்கும், சற்று நகர்ந்தால் மங்கிவிடும். திரும்பி வந்து விஜயபுரத்து கோல்கும்பஸ் போன்ற நம் நாட்டுக் கட்டடங்களையும் ஆராய்ந்தார்.

ஒரே கூடத்தில் ஒரு நாற்காலிக்குக் கேட்பது அடுத்த நாற்காலிக்குக் கேட்காது என்ற இந்த இடத்தில்தான் நான் உங்களை நம் கீழ்த்தளக் கூடத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். டிவிக்குக் கீழே நடு ஸ்பீக்கர் ஒன்று படுக்கையாக வைத்திருக்கிறோம். வசனம் எல்லாம் அதில்தான் வருகிறது. நடுவில் உட்காருகிறவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது. வாசல் பக்கமும் ஜன்னல் பக்கமும் உட்காருகிறவர்கள், பெரும்பாலும் முழங்கால் வலியால் உள்ளே நடந்துவர முடியாத மூத்தவர்கள், சத்தம் வருகிறது, வார்த்தை புரியவில்லை என்கிறார்கள். ஒலியைக் கூட்டினால் முதல் மாடியிலிருந்து ஃபோன் வருகிறது. அவர்களில் சிலர் சனிக்கிழமை வருவதையே நிறுத்திவிட்டார்கள். காதில் கோளாறு என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்களாம். அடுத்த பொதுக்குழுவில் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கத் தீர்மானம் வரப்போகிறது. பணம் நம் எல்லோருடைய பராமரிப்பு நிதியிலிருந்துதான்.

முதலில் நடு ஸ்பீக்கர் எதற்கு? 1933 ஏப்ரல் 27ஆம் தேதி அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சர் குழுவினர் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த இசை நிகழ்ச்சியை டெலிஃபோன் கம்பி வழியாக வாஷிங்டன் மண்டபத்துக்கு அனுப்பினார்கள். இடம், நடு, வலம் என்று மூன்று மைக், மூன்று தனி வழி, மூன்று ஒலிபெருக்கி. இரண்டு மட்டும் இருந்தால் ஓரத்தில் உட்காருகிறவருக்கு எல்லாமே பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல் தோன்றும். நடுவில் ஒன்று இருந்தால் எங்கே உட்கார்ந்தாலும் பாடுகிறவர் மேடை நடுவில் இருப்பார். ஆக, நடு ஸ்பீக்கர் பிறந்ததே ஓரத்து நாற்காலிக்காரருக்காக. சினிமா தியேட்டரில் திரையில் பொடித் துளைகள் போட்டு, திரைக்குப் பின்னால் அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். வீட்டில் டிவிக்குப் பின்னால் வைக்க முடியாது. அதனால் கீழே அடங்கும்படி பெட்டியைப் படுக்க வைத்துவிட்டார்கள். இது மேசைக்காகச் செய்த வடிவம்.

நம் பெட்டியில் வலையைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் ஆறரை அங்குல ஊஃபர், நடுவில் சின்ன ட்வீட்டர். நான் டேப் வைத்து அளந்தேன், இரண்டு ஊஃபரின் மையத்துக்கும் நடுவே 14 அங்குலம். நேர் எதிரே உட்கார்ந்தால் இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து கூடிக்கொள்ளும். டிவியிலிருந்து பத்தடி தூரத்தில் நடுக்கோட்டிலிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்தால் கோணம் சுமார் 31 டிகிரி. அங்கிருந்து ஓர் ஊஃபர் மற்றதைவிட ஏழு அங்குலம் கூடுதல் தூரம். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 14 அங்குலம், அதில் பாதி ஏழு. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழும். வரவும் செலவும் நேர், இருப்பு சைபர்!

மற்ற ஸ்வரங்களுக்கு இந்தப் பள்ளம் வேறு கோணத்தில் விழும். 1500 ஹெர்ட்ஸுக்கு 19 டிகிரியிலேயே விழுந்துவிடும். கடல், படல், மடல் என்ற சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்தின் விவரம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸிலிருந்து 4000 வரை இருக்கிறது. அதில் கீழ்ப்பகுதியில் இப்படிக் குழி விழுகிறது. ஏற்கெனவே வயதால் மேல் ஸ்வரங்களை இழந்த காதுக்கு இருந்ததும் போய்விடுகிறது. ஒலியைக் கூட்டினால் குழியைச் சுற்றியுள்ளதும் சேர்ந்து கூடும், குழி குழியாகவே இருக்கும். ஆகவே பெரிய ஆம்ப்ளிஃபயர் முதல் மாடியைத்தான் எழுப்பும்.

ஸ்பீக்கரைச் சோதிக்கிறவர்கள் எதிரொலி இல்லாத அறையில் மைக்கை நேர் எதிரே வைத்து ஒரு கோடு வரைவார்கள். பிறகு 15, 30, 45, 60 டிகிரி என்று திருப்பித் திருப்பி வரைவார்கள். நல்ல ஸ்பீக்கரில் கோணம் கூடக்கூடக் கோடுகள் ஒழுங்காக, மேல் ஸ்வரங்களில் மட்டும் மெதுவாக இறங்கும். படுக்கைப் பெட்டியில் நேர்க்கோடு மிக அழகாக இருக்கும், 30 டிகிரிக் கோட்டில் பெரிய பள்ளம் தெரியும். விளம்பரத் தாளில் பெரும்பாலும் முதல் கோட்டை மட்டும்தான் போடுவார்கள். ஒரே ஒரு மாதத்து பேலன்ஸைக் காட்டிக் கடன் கேட்பதுபோல. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மழைச் சத்தம்போல் சர்ரென்று ஒலிக்கும் பதிவு ஒன்றை நடு ஸ்பீக்கரில் மட்டும் ஓட விட்டு, ஜன்னலிலிருந்து வாசல் வரை அரைவட்டமாக நடந்து பாருங்கள். மழையின் நிறமே மாறும்.

தீர்வு இரண்டு. செலவில்லாதது: பெட்டியை நிமிர்த்தி வைப்பது. அப்போது 14 அங்குலம் மேலும் கீழுமாகிவிடும், ஓரத்து நாற்காலிக்கு இரண்டு ஊஃபரும் ஒரே தூரம். பள்ளம் மேலேயும் கீழேயும் போய்விடும், அங்கே யாரும் உட்காரவில்லை. ராமனின் நீள்சதுரத் துவாரம் ஞாபகமிருக்கிறதா, அதே கணக்கு. கடற்கரைச் சாலைக் கூட்டங்களில் உயரமாக, ஒல்லியாக நிறுத்தி வைக்கும் ஒலிபெருக்கித் தூண்களைக் கவனியுங்கள். ஒல்லியான பக்கம் அகலவாட்டில் இருப்பதால் ஒலி பக்கவாட்டில் நன்றாக விரிகிறது. நமக்கு டிவியை ஓர் அடி உயர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். செலவுள்ளது: படுக்கையாகவே இருந்தாலும் நடுவில் ட்வீட்டரும் சின்ன மிட்ரேஞ்சும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பெட்டி வாங்குவது. அதில் ஓரத்து ஊஃபர்கள் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வேலை செய்யும். அந்த ஸ்வரத்தில் அரை அலை 17 அங்குலம். 14 அங்குல இடைவெளியில் 17 அங்குல வித்தியாசம் எந்தக் கோணத்திலும் வராது, பள்ளத்துக்கு வழியே இல்லை. முதலில் ஒரு சனிக்கிழமை பெட்டியை நிமிர்த்தி, ஓரத்து நாற்காலிக்காரர்களைக் கேட்டுவிட்டு, பிறகு தீர்மானம் போடலாம் என்பது என் தாழ்மையான கருத்து. செயலாளர் கவனிக்க.

ராமனை லண்டனில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். 1921இல் நர்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வானத்தின் பிரதிபலிப்புதானா என்று யோசிக்கத் தொடங்கினார். அங்கிருந்து ஒளிப் பாதை. 1924இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1928 பிப்ரவரி 28, விருதுநகர் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சியின் பலன். 1930இல் நோபல். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 1927இல் ஜெர்மனியில் வெளிவந்த பெரிய இயற்பியல் கையேட்டுத் தொகுப்பில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதியவர் ராமன்தான் என்பது பல புத்தகங்களில் இருக்காது. அந்த ஊர்க்காரர்கள் வயலினைப் பற்றி எழுத ஆள் தேடிக் கல்கத்தாவுக்கு வந்திருக்கிறார்கள்!

1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிலையத்துக்கு இயக்குநராகப் போனார். நிர்வாகம் அவருக்கு ஒத்துவரவில்லை. விட்டுக்கொடுக்கத் தெரியாதவர், வார்த்தையில் காரம் அதிகம், நிறையப் பேரைப் பகைத்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. 1937இல் இயக்குநர் பதவியை விட்டு, 1948 வரை பேராசிரியராக மட்டும் இருந்தார். அந்தச் சச்சரவுகளுக்கு நடுவிலும் 1935, 36இல் நாகேந்திரநாத் என்ற இளைஞரோடு ஒரு வேலை செய்தார். காதுக்குக் கேட்காத மிக உயர்ந்த ஒலியை ஒரு திரவத்துக்குள் அனுப்பினால், ஒலியின் நெருக்கமும் தளர்வும் சேர்ந்து வரிசையான ஜன்னல் கம்பிகள்போல் ஆகி, குறுக்கே வரும் ஒளியைப் பல திசைகளில் பிரித்துவிடும். அது எப்படி, எவ்வளவு என்பதற்கான கணிதம் இன்றும் ராமன்–நாத் கோட்பாடு என்றே வழங்குகிறது. பதினெட்டு வயதில் தொட்ட துவாரமும் பின்னால் பல வருடம் தொட்ட ஒலியும் அங்கே ஒரே பாத்திரத்தில் சேர்ந்தன.

1948இல் தன் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1954இல் பாரத ரத்னா. கடைசிக் காலம் வைரம், பூக்களின் நிறம், கண் எப்படிப் பார்க்கிறது என்று போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் காந்தி பிறந்த நாளில் அந்த நிலையத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்துவார். 1970 அக்டோபர் 2ஆம் தேதி நிகழ்த்தியதுதான் கடைசி. எண்பத்தொரு வயதில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் மனிதக் காது: செவிக்குள் இருக்கும் அந்த நத்தைக்கூடு ஒலியை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 21ஆம் தேதி காலமானார். உடலை நிலையத்துத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் ஒரு மரம் மட்டும் நட்டிருக்கிறார்கள்.